அப்பா, அம்மாவோட இமயமலை ட்ரெக்கா? 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா'ன்னு சொன்னா நம்பாதீங்க!

'இந்த வருஷமாவது எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போகணும்' என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு கிளம்பியிருக்கிறதா? ரீல்ஸில் பார்த்த இமயமலை வீடியோவை நீங்கள் தட்டிவிட, அப்பா உடனே தம்ஸ்-அப் போட்டிருப்பார். சூப்பர்! ஆனால், ஃப்ரெண்ட்ஸோடு போன ட்ரெக் பிளானை அப்படியே காப்பியடித்தால் சிக்கல்தான்.

ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்தில் ஒருவனுக்கு முடியவில்லை என்றால், 'டேய், என்னால முடியலடா' என்று நடுவழியிலேயே உட்கார்ந்துவிடுவான். அப்பா, அம்மா அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை ஆசையாகச் செலவு பண்ணிக் கூட்டிவந்திருக்கிறதே என்று, மூட்டு வலியையும் தலைவலியையும் விழுங்கிக்கொண்டு நடப்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் பாசம். 3,000 மீட்டர் உயரத்தில் அது ஆபத்து.

எங்கே போகலாம்?

முதல் முறை குடும்பத்தோடு போக நல்ல சாய்ஸ், உத்தரகாண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு. 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மித் என்ற ஆங்கிலேய மலையேறி, வழியில் பார்த்து வியந்த இடம் இது. இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யத் தலம். ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூக்கள் கொட்டிக்கிடப்பது ஜூலை, ஆகஸ்ட்டில்.

உள்ளே கூடாரம் போட அனுமதி இல்லை. அடிவாரத்தில் இருக்கும் காங்கரியா கிராமத்தில் தங்கி, பகலில் போய்விட்டுத் திரும்ப வேண்டும். தலைக்கு மேல் கூரை, சூடான சாப்பாடு. கூடாரத்தில் படுத்துப் பழகாத பெற்றோருக்கு இதுவே பெரிய வசதி.

நாள் கணக்கு முக்கியம்

முதல் நாள், ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை முழுக்க ரோடு பயணம். அங்கே இரவு தங்கல். மறுநாள் கோவிந்த்காட், அங்கிருந்து ஜீப்பில் புல்னா. அதன்பிறகு காங்கரியாவுக்கு சுமார் 10 கிலோமீட்டர் நடை. ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1892-ல் ஸ்காட்லாந்தின் வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு மலையேறிகளிடம் இன்றும் பிரபலம். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 3 மணி 40 நிமிடம். ஆனால், இது நிற்காமல் நடக்கும் ஃபிட்டான ஆளுக்கான கணக்கு. அம்மாவுக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். காலை 7 மணிக்கே நடக்க ஆரம்பித்தால்தான் இருட்டுவதற்குள் நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் பின்னால் இருந்தால், மற்றவர்களைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடிவருவார். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

உயரத்துக்கு வயசு தெரியாது

காங்கரியா சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர நோய் வரலாம். ஜிம் போகிற உங்களுக்கும் வரும், வாக்கிங் போகிற அப்பாவுக்கும் வரும். தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அதீத சோர்வு இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது பெரிய தப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, காலை வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிட வேண்டும்.

'ஓகேவாப்பா?' என்று கேட்காதீர்கள். 'ஓகேதான்' என்றுதான் பதில் வரும். 'நைட் தூக்கம் வந்துச்சா? தலைவலி பத்துக்கு எத்தனை மார்க்?' என்று கேளுங்கள். தட்டில் சாப்பாடு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. விளையாடாமல், சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் அதுவே அறிகுறி.

அதனால் மூன்றாம் நாள் மலர்ப் பள்ளத்தாக்கு போய்வந்து, இரவு மறுபடி காங்கரியாவிலேயே தூங்குங்கள். உடம்பு பழகும். 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹேம்குண்ட் சாஹிபை நான்காம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். 'அம்மாவுக்குக் குதிரை வெச்சுக்கலாம்' என்று தோன்றும். முட்டிக்கு ஓய்வு கிடைக்கும், உயரம் குறையாதே! வேகமாக மேலே போவதால் சிக்கல் இன்னும் சீக்கிரம் வரலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

* இரண்டு மாதம் முன்பிருந்தே படி ஏறிப் பழகுங்கள். பழநி மாதிரி ஒரு மலைக்கோயிலுக்கு, முதுகில் பையோடு எல்லோரும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். மறுநாள் காலை முட்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ட்ரெக்கில் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

* பி.பி., சுகர், இதயப் பிரச்னை, ஆஸ்துமா இருந்தால், எத்தனை மீட்டர் உயரம் என்பதைச் சொல்லி டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள். மாத்திரைகள் தோள் பையில் இருக்கட்டும். சுமை தூக்குபவரிடம் கொடுக்கும் மூட்டையில் வேண்டாம்.

* புது ஷூவோடு கிளம்பாதீர்கள். ஒரு மாதமாவது போட்டு நடந்து பழக வேண்டும். ஆளுக்கொரு ஊன்றுகோல், ரெயின்கோட் கட்டாயம். நனைந்தால் காயாத காட்டன், ஜீன்ஸ் வேண்டாம்.

* மழைக்காலத்தில் மலைச் சாலையில் மண்சரிவு சகஜம். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன் ஒரு நாளாவது கையிருப்பு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. டிக்கெட் போடும் முன்பே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்: 'யாருக்கு முடியலைன்னாலும் அங்கேயே திரும்பிடுவோம். அதுல யார் மேலயும் வருத்தம் கிடையாது.' இதை நீங்கள் முதலில் சொன்னால்தான், மலையில் அம்மா வாய் திறந்து 'முடியலப்பா' என்பார். பூக்கள் அடுத்த ஜூலையிலும் பூக்கும்!