நாற்காலியை விட்டு எழ முடிகிறதா?



சங்கக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இளவட்டங்கள் சட்டென்று எழுந்துவிடும். முப்பது வருஷம் பால்மரம் சீவிய பெரியவரும், செம்பனையில் குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிய அம்மாவும் முழங்காலில் கையை ஊன்றி, "அப்பா முருகா" என்றுதான் எழுவார்கள். வயசானால் அப்படித்தான் என்று நாம் விட்டுவிடுகிறோம். சோம்பேறித்தனம் என்று சொல்லும் மண்டோரும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

நாற்காலியை விட்டு எழுவது லேசான காரியமாகத் தெரியும். அதற்குள் உடம்பு நாலு வேலை செய்கிறது. முதலில் இடுப்பு மடங்கி நெஞ்சு முன்னே சாய்கிறது. அடுத்து, பிட்டம் பலகையை விட்டுக் கிளம்புகிறது; பாரமெல்லாம் இரண்டு பாதங்களுக்கு மாறுகிறது. தொடைத் தசை படாதபாடு படுவது இந்த நேரத்தில்தான். மூன்றாவதாக, முழங்காலும் இடுப்பும் நிமிர்கின்றன. கடைசியில் ஆடாமல் நிற்க வேண்டும்.

பால் வாளியைத் தூக்குமுன் காலைக் கிட்டே வைத்துக்கொள்வோம் அல்லவா? இங்கேயும் அதே கணக்குத்தான். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். நன்றாக முன்னே சாய்ந்து பிறகு எழுந்திருங்கள். கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் எதற்கு? எழுந்தவுடன் நடக்காமல் கொஞ்சம் நில்லுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதாலும் அப்படி வரும்.

கால் பலத்தைப் பார்க்க வைத்தியர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14 தடவைக்கும், பெண்கள் 12 தடவைக்கும் குறைந்தால் கீழே விழும் ஆபத்து அதிகம் என்று கொள்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். வலியோ மயக்கமோ உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம், நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஒரு குடும்பமே முடங்கிப்போகும். அதனால் முழங்கால் வலியை மூடி மறைக்காதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், எத்தனை வருஷம் செய்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்து விபத்தோடு, தொழிலால் வரும் நோயையும் சேர்த்தே பேசுகிறது. சொக்சோவில் கேட்கப் போகும்போது அந்தக் கடுதாசி கையில் இருக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பதும் பெரிய காரியமில்லை. பெரட்டுக் களத்திலும் கிளினிக்கிலும் தாழ்ந்த பலகைக்குப் பதிலாக, கைப்பிடியுள்ள சரியான உயர நாற்காலி போடட்டும். பலகை தாழத் தாழ முழங்காலுக்குப் பாரம் ஏறும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுப்போம்.