மாலை 5 மணிக்கே இருட்டு... குளிர்காலத்தில் மனம் சோர்வது ஏன்? என்ன செய்யலாம்?

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கனடாவின் பெரும்பாலான பகுதிகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். அன்று முதல் டொரன்டோவில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் அங்கு பகல் பொழுது 9 மணி நேரம்கூட இருக்காது. அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கு மேல் பகல்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கு படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களிடம் ஜாக்கெட், பூட்ஸ் பற்றி எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். வெளிச்சம் குறையும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சிலருக்குக் குளிரைவிட அதுதான் பெரிய சிக்கல்.

இது என்ன பிரச்சினை?

இதன் பெயர் ‘சீசனல் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டர்’. தமிழில் பருவகால மனச்சோர்வு எனலாம். 1984-ல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் இதற்கு இந்தப் பெயரை வைத்தனர். ரோசன்தாலும் வெயில் ஊர்க்காரர்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, குளிர்காலத்தில் தனது சுறுசுறுப்பு குறைவதை அவரே உணர்ந்திருக்கிறார்.

எப்படிக் கண்டுகொள்வது?

பொதுவாக மனச்சோர்வு என்றால் தூக்கமும் பசியும் குறையும் என்றுதான் நினைப்போம். இதில் பலருக்கு நேர்மாறாக நடக்கும். எவ்வளவு தூங்கினாலும் போதாது. சோறு, பிரெட், இனிப்பு என்று மாவுச்சத்து உணவையே மனம் தேடும். எடை கூடும். நண்பர்கள் கூப்பிட்டால் “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று தவிர்க்கத் தோன்றும். மார்ச், ஏப்ரலில் தானாகச் சரியாகி, அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வரும்.

காரணம் என்ன?

காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் சரியான நேரத்துக்கு வரும். விடிவது தாமதமானால் அந்தக் கடிகாரமும் தாமதமாகும். மெலடோனின், செரடோனின் ஆகியவற்றின் மாற்றங்களும் இதில் பங்கு வகிப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருட்டில் கிளம்பி, இருட்டில் வீடு திரும்பும் ஷிஃப்ட் வேலையும், ஜன்னல் சிறிதாக உள்ள பேஸ்மென்ட் அறையும் கிடைக்கும் வெளிச்சத்தை இன்னும் குறைத்துவிடும்.

என்ன செய்யலாம்?

* விடிந்ததும் வெளியே நடக்கலாம். மேகமூட்டமான நாளிலும் வீட்டு விளக்கைவிட வெளியே பல மடங்கு வெளிச்சம் இருக்கும்.

* 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் ‘லைட் தெரபி’ விளக்கின் அருகே தினமும் காலையில் 20 முதல் 30 நிமிடம் உட்காரலாம். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. கண் நோயோ பைபோலார் பாதிப்போ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

* லீவு நாளிலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். வாரம் ஒரு நாளாவது யாருடனாவது சேர்ந்து சாப்பிடுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்து, வகுப்புக்கோ வேலைக்கோ போக முடியாமல் போனால், ஃபேமிலி டாக்டரையோ பல்கலைக்கழக கவுன்சலிங் மையத்தையோ அணுகுங்கள். பேச்சு சிகிச்சையும் மருந்துகளும் பலன் தரும்.

* உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாமதிக்க வேண்டாம். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம்.

ஊரில் இருப்பவர்கள் கவனத்துக்கு

வீடியோ காலில் பிள்ளை எந்நேரமும் போர்வைக்குள்ளேயே இருந்தால், “என்னப்பா, எப்பப் பார்த்தாலும் தூக்கம்தானா?” என்று கேட்கத்தான் தோன்றும். அது சோம்பலாக இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பதிலாக, “இன்னைக்கு வெளியே போனியா? யார்கூட சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். கடன் வாங்கி அனுப்பிய அப்பா அம்மாவிடம் “முடியலை” என்று சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு, அந்தக் கேள்வி வாய் திறக்க ஒரு வாய்ப்பாக இருக்கும்.