பாம்பு முட்டைக்கு எந்தப் பெட்டி?

இந்தக் கிழமை நிகழ்ச்சியில் வீட்டுச் சென்சர்கள் பற்றிக் கதைத்தோம். அதைக் கேட்டுவிட்டு லாசாலில் இருந்தே ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவருடைய பால் பைத்தன் பாம்பின் வயிற்றில் முட்டை இருக்காம். எந்த இன்குபேட்டர் வேண்டலாம் என்பதுதான் கேள்வி. நானும் லாசால்காரன் என்பதால் இந்த ஊர் வீடுகளை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன். பாம்பென்றாலே முகம் சுளிக்கிறவர்களும் கொஞ்சம் பொறுங்கோ. இது முக்கால்வாசி வெப்பக் கட்டுப்பாட்டுக் கதை.

முதலில் முட்டைக்கு என்ன வேணும்? பால் பைத்தன் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி, ஏறத்தாழ 60 நாள். கார்ன் ஸ்நேக் என்றால் 27, 28 டிகிரி போதும். நல்ல ஈரப்பதம் வேணும், ஆனால் தண்ணீர் முட்டையில் சொட்டக் கூடாது. கோழி முட்டை மாதிரிப் புரட்டவும் கூடாது. இட்டு ஓரிரு நாளில் கரு ஓட்டின் மேற்பக்கமாக நிலைகொண்டுவிடும், பிறகு திருப்பினால் செத்துப்போகலாம். ஆகவே கோழிக்கென்று விற்கிற பெட்டியை வேண்டினால் அதன் புரட்டும் தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கோ. முட்டையின் மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கோ. ஒட்டியிருக்கிற முட்டைகளைப் பிரிக்க வேண்டாம்.

இந்த வேலையைக் காட்டில் தாயே பார்க்கும். மலைப்பாம்பு முட்டையைச் சுற்றிக்கொண்டு சூடு கொடுக்கிறது என்பதை 1841இல் பாரிஸில் வலென்சியேன் என்ற விலங்கியலாளர் வெப்பமானி வைத்து அளந்து காட்டினார். 1966இல் நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு பர்மிய மலைப்பாம்பை வைத்து இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். அது தசையைத் துடிக்க வைத்து, வெளிச்சூட்டைவிடத் தன் சூட்டைக் கூட்டியது. குளிர் கூடக் கூடத் துடிப்பும் கூடியது. அதாவது தாய்தான் ஹீட்டர், தாய்தான் தெர்மோஸ்டாட். பால் பைத்தனுக்கு இந்தத் துடிப்பு வித்தை கிடையாது. அது சுற்றிக் கிடந்து முட்டையின் ஈரத்தைக் காக்கும். அதனால்தான் வளர்ப்பவர்கள் பெட்டியை நாடுகிறார்கள்.

கடையில் கிடைப்பதைப் பார்ப்போம். தெர்மக்கோல் பெட்டியில் ஹோவாபேட்டர் பழைய பெயர், மலிவு. எக்ஸோ டெரா என்ற பெயரிலும் ஊர்வனவுக்கென்றே பெட்டி வருகிறது. அது எங்கள் மொன்றியலில் 1955இல் தொடங்கிய ஹேகன் நிறுவனத்தின் பிராண்ட். ரெப்டிப்ரோ 6000 மாதிரி, கண்ணாடிக் கதவு வைத்த குட்டி ஃப்ரிட்ஜ் போன்றவையும் உண்டு. நாலாவது வழி, ஒரு பிக்னிக் கூலருக்குள் சூட்டு நாடாவை ஒட்டி, வெளியே தெர்மோஸ்டாட்டைப் பொருத்துவது. கனபேர் செய்வது இதுதான்.

எது வேண்டினாலும் பார்க்க வேண்டியது பெட்டியை இல்லை, தெர்மோஸ்டாட்டை. மலிவானவை ஹீட்டரை முழுசாகப் போட்டு, முழுசாக நிறுத்தும், சூடு மேலும் கீழும் ஆடும். ஹெர்ப்ஸ்டாட் மாதிரியானவை மின்சாரத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும், கோடு நேராக நிற்கும். சென்சர் முட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேணும். இன்னொரு தனி வெப்பமானியும் உள்ளே வையுங்கோ. ஒரு கருவி பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

இனி லாசால் விசயம். எங்கட ஊரில் இரண்டு ஆபத்து. ஒன்று, யூலை. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிராக்கத் தெரியாது. ஏசி இல்லாத மேல்மாடி அறை 32 டிகிரிக்குப் போனால் கார்ன் ஸ்நேக் முட்டையும் 32தான். கோடையில் அடைவைக்கிறவர்களுக்கு ரெப்டிப்ரோ மாதிரி, பெல்டியர் தகட்டால் இரண்டு பக்கமும் வேலை செய்கிற பெட்டி காசுக்குத் தகும். இல்லாவிட்டால் நிலவறையில் வையுங்கோ.

மற்றது, கரண்ட். 2023 ஏப்ரல் 5 உறைமழை ஞாபகம் இருக்கும்தானே? கியூபெக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. பால் பைத்தன்கள் முட்டையிடுகிற காலமும் அதுதான். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கோ. 60 லீட்டர் பெட்டியின் வெளிச்சுவர் வழியாக 10 வாட் சூடு கசிகிறது என்று வையுங்கோ. உள்ளே காற்று மட்டும் இருந்தால், அது ஒரு டிகிரி இறங்க ஏழெட்டு விநாடி. 10 லீட்டர் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினால் அதே ஒரு டிகிரிக்கு 70 நிமிடம். செலவு பூச்சியம். குழாய்த் தண்ணீரே உங்கள் பேட்டரி. இன்னொரு ஆறுதல், சில மணி நேரக் குளிரை முட்டை ஓரளவு தாங்கும், மிஞ்சிய சூட்டைத்தான் தாங்காது. வைஃபை சென்சரை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கோ: கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், எச்சரிக்கையும் வராது. 'சென்சர் தொடர்பில் இல்லை' என்று தகவல் அனுப்புகிற செயலியாகத் தேர்ந்தெடுங்கோ.

எங்கள் நேயருக்கு என் பதில்: தெர்மக்கோல் பெட்டியோ பிக்னிக் கூலரோ, எது கிடைக்குதோ அதை எடுங்கோ. மிச்சக் காசை நல்ல தெர்மோஸ்டாட்டில் போடுங்கோ. முட்டைக்கு முந்திய தோலுரிப்புக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் கிடைக்கும். அந்த மாதத்தில் போத்தல்களோடு வெறும் பெட்டியை ஓட்டிப் பாருங்கோ. ஒரு நாள் வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றி, எவ்வளவு நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குது என்று எழுதி வையுங்கோ. முட்டைகளை வெர்மிகுலைட்டில், எடைக்கு எடை தண்ணீர் கலந்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஈரம் நிற்கும். கிழமைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கோ.

கடைசியாக ஒன்று. பெட்டிக்குக் காசு கொடுக்க முன், எந்த இனத்தை அனுமதியில்லாமல் வைத்திருக்கலாம் என்று கியூபெக் விதிமுறையையும் மொன்றியல் நகர விதியையும் பாருங்கோ. அதோடு, ஆறு குட்டி பொரித்தால் ஆறு வீடு வேணும். பால் பைத்தன் வளர்ப்பில் 20, 30 வருடம் வாழும். குட்டிகளுக்கு ஆள் கிடைக்காது என்று தெரிந்தால், முட்டையை அடைவைக்காமல் விடுவதும் பொறுப்பான முடிவுதான். முடிவு எதுவானாலும் எழுதுங்கோ. உங்கள் பெட்டியின் வெப்பக் கோட்டை அனுப்பினால் அடுத்த நிகழ்ச்சியில் அலசலாம்.