ஃப்ரீசரில் பனி படிந்தால் இன்சுலினைக் கவனியுங்கள்

இன்சுலின் ஊசி போட்டும் சர்க்கரை அளவு குறையவில்லை என்று வருவோரிடம், மருந்துப் புட்டியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்பது என் வழக்கம். ஃப்ரீசருக்கு நேர் கீழுள்ள தட்டில் என்பதே பலரின் விடை. மிகுந்த குளிர் மிகுந்த பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருத்தல் வேண்டும். ஒருமுறை உறைந்தால் அதன் ஆற்றலை நம்ப முடியாது. கலங்கலான வகையில் கட்டிகள் தென்படலாம். தெளிந்த வகையோ உறைந்து உருகிய பின்னும் பார்வைக்கு மாறாமல் இருக்கக்கூடும். உறைந்த புட்டியைப் பயன்படுத்தாதீர்கள். அதற்காக ஊசியை நிறுத்தாமல், அன்றே புதிய புட்டி பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் பனி தானாகக் கரையாது. கடலுக்கு அருகிலுள்ள பொன்னேரியில், கதவைத் திறக்குந்தோறும் ஈரக்காற்று புகுந்து பனியாகப் படியும். பழவேற்காட்டு மீனையும் இறாலையும் சேர்த்து வைக்கும் வீடுகளில் கதவு திறப்பதும் அதிகம். பனி தடித்ததும் குளிர் போதவில்லை என்று திருகியைக் கூட்டுவோம். அப்போது ஃப்ரீசரை ஒட்டிய தட்டிலுள்ள மருந்து உறையக்கூடும்.

ஆகவே பனி அரை சென்டிமீட்டரை எட்டியதும் கரைத்துவிடுங்கள். முதலில் இன்சுலினை மூடியுள்ள டப்பாவில் இட்டு, ஈர மண்பானைக்குள் வையுங்கள். மின்இணைப்பைத் துண்டித்து, கதவைத் திறந்துவைத்து, ஃப்ரீசருக்குள் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை வைத்தால் பனி விரைவில் கழன்றுவரும். கத்தியால் கொத்தவே கூடாது. குளிரூட்டும் குழாய் துளைபட்டால், தீப்பற்றும் வாயு கசியக்கூடும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் அத்தகைய வாயுவே உள்ளது. துடைத்து உலர்த்தியபின், கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதில் வந்துவிட்டால் ரப்பர்ப் பட்டையை மாற்ற வேண்டும்.

பெட்டி மீண்டும் குளிர்ந்தபின், இன்சுலினை நடுத்தட்டின் முன்பகுதியில் வையுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாட்களிலும் மண்பானை கைகொடுக்கும். பனிக்கட்டி கிடைத்தால் புட்டியை நேரடியாக அதன்மேல் வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். பயன்பாட்டிலுள்ள புட்டி பெரும்பாலும் 30 டிகிரிக்கு மிகாத அறையில் 28 நாட்கள் வரை தாங்கும். உங்கள் மருந்திற்கான வரம்பு அதன் அட்டையில் உள்ளது. திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே எழுதிவையுங்கள்.