கசியும் பெட்ரோல் தொட்டி: பழுதும் பாதுகாப்பும்

பாலக்காட்டு மாவட்டத்தின் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், மூணாறு, குமுளி ஆகிய ஊர்களிலும் வாழும் எல்லைப்புற மக்களுக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாத ஊர்தியாகும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பட்டறைக்குச் செல்ல மலைச்சாலையில் நெடுந்தொலைவு கடக்க வேண்டியிருக்கலாம். ஆதலின், பெட்ரோல் தொட்டி கசியுமாயின் அதனை வீட்டிலேயே சீர்செய்ய முயல்வது இயல்பே. அம்முயற்சியில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை அறிந்திருத்தல் உயிர்காக்கும் அறிவாகும்.

கசிவு தோன்றும் விதம்

தொட்டி மெல்லிய எஃகுத் தகடுகளை அழுத்தி வடிவமைத்து, விளிம்புகளைப் பற்றவைத்துச் செய்யப்படுவது. அதன் மூடியில் காற்றுப் போக்குவரத்துக்கென நுண்ணிய வழி உண்டு. பகலில் வெப்பத்தால் உள்ளிருக்கும் பெட்ரோலும் காற்றும் விரிகின்றன. இரவில் குளிர்ந்து சுருங்குகின்றன. அப்பொழுது வெளிக்காற்று உள்ளே புகும். மழைக்காலத்தில் அக்காற்று ஈரம் மிகுந்தது. ஆகவே, குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் நீர்த்துளிகள் படிகின்றன. நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கதாகையால் தொட்டியின் அடியிற் சென்று தங்கும். அவ்விடத்தில் துரு தோன்றி, உள்ளிருந்து வெளிநோக்கித் தகட்டை அரித்து, இறுதியில் ஊசிமுனையளவு துளையை உண்டாக்குகிறது. வெளிப்பூச்சு கொப்புளம்போல் எழும்புவது இதன் முன்னறிகுறியாகும். மேடுபள்ளமான சாலைகளில் ஏற்படும் அதிர்வினால் பற்றவைத்த விளிம்புகள் விரிசல் காண்பதும் உண்டு.

இந்தியாவில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு எதனால் கலக்கும் இலக்கு 2025ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எதனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் அளவு கடந்து சேருமாயின், நீரும் எதனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கும். எனவே, நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியைக் கவனித்தல் முன்னிலும் தேவையாகிறது.

ஈரம் யாவும் துளையின் அடையாளம் அன்று. மூணாறு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே 10 லிட்டர் பெட்ரோலைத் தொட்டி விளிம்பு வரை நிரப்பி, மறையூர், உடுமலைப்பேட்டை வழியாகப் பாலக்காட்டுச் சமவெளிக்கு இறங்கினால், பெட்ரோலின் வெப்பநிலை 15 டிகிரி சென்டிகிரேடு உயரக்கூடும். அதனால் பெட்ரோல் ஏறத்தாழ 140 மில்லி லிட்டர் விரிந்து மூடியின் வழியே வழியும். அடியிலுள்ள பெட்ரோல் குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்திருப்பினும் கசிவு காணும். தொட்டியைத் துடைத்து உலர்த்தி, வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், ஈரக்கோடு தொடங்கும் இடத்தைக் கொண்டு உண்மைக் காரணத்தை அறியலாம். மூடியின் வளையமோ குழாயின் வளையமோ பழுதாயின் அதனை மாற்றினாலே போதும்.

காலித் தொட்டியே கொடியது

பெட்ரோலை வடித்துவிட்டால் அபாயம் நீங்கிற்று என்று பலர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. எரிவது திரவப் பெட்ரோல் அன்று. காற்றுடன் கலந்த அதன் ஆவியே. அக்கலவையில் ஆவியின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கிற்குக் குறைந்தாலும், 7.6 பங்கிற்கு மிகுந்தாலும் தீப்பற்றாது. பெட்ரோல் உள்ள மூடிய தொட்டியில் ஆவி பெரும்பாலும் இவ்வெல்லைக்கு மேற்பட்டிருக்கும். வடித்தபின் காற்று உட்புகவே, கலவை வெடிக்கும் அளவிற்குள் வந்துவிடுகிறது. 13 லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டர் பெட்ரோல் ஆவியானாலே இதற்குப் போதும். தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கான அவ்வளவு பெட்ரோல், துருவின் இடுக்குகளிலும் தகட்டின் மடிப்புகளிலும் எளிதில் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் வெளிப்படும்.

ஆதலின், காலித் தொட்டியில் வீட்டில் ஈயம் பற்றவைத்தலோ வெல்டிங் செய்தலோ அறவே கூடாது. தேர்ந்த பட்டறையாளர் தொட்டியைச் சோப்பும் வெந்நீரும் இட்டுப் பலமுறை கழுவி, பின்னர்ப் பற்றவைக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பியோ, கரியமில வாயு போன்ற எரியாத வாயுவைச் செலுத்தியோதான் வேலையைத் தொடங்குவர்.

வீட்டில் செய்யத்தக்கவை

கசிவு கண்டதும் வண்டியை வீட்டிற்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. எனவே தரையோடு தவழ்ந்து தாழ்விடம் நோக்கிச் செல்லும். மலைச்சரிவில் வரிசையாக அமைந்த குடியிருப்புகளில் மேல்வீட்டு வாசலில் எழும் ஆவி, கீழ்வீட்டு அடுப்பை எட்டக்கூடும். சுற்றிலும் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் இருத்தலாகாது. பாட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கலத்தில் வடித்தல் வேண்டும். அதுவரை கசிவைக் குறைப்பதற்குச் சலவைச் சோப்பைத் துளையின்மேல் அழுத்தித் தேய்க்கலாம். இது சிறிது நேரத்திற்கே பயன்படும். இதனை நம்பி வண்டியை ஓட்டுதல் தகாது.

தொட்டியைக் கழற்றிக் கழுவி, திறந்த வெளியில் நன்கு உலர்த்திய பின், துளையைச் சுற்றியுள்ள பூச்சையும் துருவையும் உப்புத்தாளைக் கையாற் தேய்த்து நீக்கி, உலோகம் பளிச்சிடச் செய்தல் வேண்டும். மின்கருவிகள் பொறி எழுப்புவனவாதலால் அவற்றைத் தவிர்க்க. பின்னர், பெட்ரோலையும் எதனாலையும் தாங்கும் என்று உறையிற் குறிக்கப்பட்ட இருபகுதி எபாக்சிப் பசையைப் பிசைந்து அப்பி, அதில் குறித்த காலம் முழுவதும் இறுகவிட வேண்டும். மீண்டும் பெட்ரோல் நிரப்பியபின் ஓரிரவு வெளியில் வைத்துச் சோதித்தல் நலம்.

ஒரு துளைக்கு மட்டுமே இம்முறை பொருந்தும். துரு பரவித் தகடு விரலால் அழுத்த நெளியுமாயின், ஒரு துளையை அடைக்க மறுதுளை தோன்றும். தொட்டியை மாற்றுவதே முறை. விளிம்பில் விரிசல் கண்டால் பட்டறையையே நாடுதல் வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பி வைத்தலும், ஆண்டுக்கொருமுறை அடியிலுள்ள நீரை வடித்தலும் இப்பழுது நேராமற் காக்கும் எளிய வழிகளாம். புதுத் தொட்டியின் விலை சிறிதன்று என்பது மெய்யே. எனினும், காலித் தொட்டியின் முன் தீயைக் கொணர்வோர் பணயம் வைப்பது அதனினும் பெரிது.