சித்திரம் வாங்குவோருக்குச் சில வார்த்தைகள்

பொன்னும் பூமியும் வாங்கிச் சேமிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இப்பொழுது அவ்விரண்டோடு சித்திரத்தையும் ஒரு முதலீடாகக் கருதும் மனப்பான்மை செல்வரிடையே பரவி வருகிறது. அதிலும், தரகரை விலக்கி ஓவியரிடமே நேரில் வாங்கினால் லாபம் மிகுதி என்று உபதேசிப்பவர் பலர். இந்த உபதேசத்தில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்வது அவசியம்.

1954இல் ஹுசேன் தீட்டிய 'கிராம யாத்திரை' என்ற படத்தை அதே வருஷம் டில்லியில் ஒரு வைத்தியர் வாங்கினார். பின்னர் அது நார்வே தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றைச் சேர்ந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அதன் விலை 1.37 கோடி டாலரைத் தாண்டிற்று. இதைக் கேட்டு ஆசை கொள்ளாதார் யார்? ஆனால் ஓவியர் 2011இலேயே காலமாகிவிட்டார். வாங்கிய வைத்தியரும் அந்நாளைக் காணவில்லை. எழுபது வருஷம் காத்திருந்து வந்த விலை அது. அன்றியும், புகழ் பெற்ற ஒருவரைக் காட்டிப் பேசுவோர், அவரோடு தூரிகை பிடித்து மறக்கப்பட்டவர்களை எண்ணுவதில்லை. சித்திரம் வட்டி தராது, வாடகை தராது, விற்க நினைத்த நாளில் வாங்குவோர் கிடைப்பதும் நிச்சயமன்று. பெண்ணின் விவாகத்திற்கென வைத்த பணத்தை அதில் போடுவது விவேகமாகாது.

அப்படியாயின் வாங்கவே வேண்டாமா? வாங்கத்தான் வேண்டும், ஆனால் காரணம் வேறு. ராஜாக்களும் ஜமீன்தார்களும் போன பின், ஓவியனுக்குச் சோறு போடுவது யார்? சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரை வாட்டிய கேள்வி இதுவே. கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர், படத்தை வாங்குவாரின்றி வேறு உத்தியோகம் தேடிப் போவதை அவர் கண்டார். ஆகவே மாணவரையும் நண்பரையும் சேர்த்துக்கொண்டு, 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணமே அம்முயற்சிக்கு ஆதாரம். பகலில் துணிக்குச் சாயமேற்றியவன் மிஞ்சிய நேரத்தில் தன் சித்திரத்தைத் தீட்டினான். அந்த மிஞ்சிய நேரத்தை முழு நேரமாக்குவது எது? உயிரோடிருக்கும் நாளில் அவன் கையில் நேராகச் சேரும் பணமே. நூற்பவளுக்குக் கூலி சேரட்டும் என்று கதர் வாங்கிய தேசத்திற்கு இந்த நியாயம் புதிதன்று. கல்கத்தாவில் ஜாமினி ராய் தம் வீட்டிலேயே படங்களைக் குறைந்த விலைக்கு விற்றார். சாதாரணக் குடும்பத்தினரும் வாங்க வேண்டுமென்பது அவர் கருத்து.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். எழுதி வைத்திருந்த படத்தை விலைக்கு வாங்கியவர் படத்துக்கு மட்டுமே சொந்தக்காரர். அதைப் பிரதி செய்யும் உரிமை, எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலன்றி, 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரிடமே நிற்கும். டில்லி விஞ்ஞான பவனத்தில் அமர்நாத் ஸேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அதிகாரிகள் பெயர்த்தெடுத்துச் சிதைத்தனர். 2005இல் டில்லி ஹைகோர்ட், 5 லட்ச ரூபாய் நஷ்டஈட்டோடு எஞ்சிய சிற்பத்தையும் அவரிடம் ஒப்படைக்கும்படி தீர்ப்பளித்தது. விலை கொடுத்தவர் சர்க்காரேயாயினும் சிதைக்கும் அதிகாரம் இல்லை. மேலும், மூலச் சித்திரம் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுபடி விற்கப்படுமானால், அவ்விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத ஒரு பங்கை ஓவியரோ வாரிசுகளோ பெற 1994ஆம் வருஷத் திருத்தம் உரிமை வகுத்திருக்கிறது. இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பது வாங்குவோரின் நேர்மையைப் பொறுத்தது.

ஆகவே நாம் கூறுவது இதுதான். நேரில் சென்று வாங்குங்கள். படத்தின் பெயரும் வருஷமும் அளவும் கண்ட ரசீதை ஓவியரின் கையொப்பத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோல் பேரம் பேசாதீர்கள். விலை ஒருபோதும் ஏறாவிடினும் தினமும் பார்த்து மகிழத்தக்க படத்தையே தேர்ந்தெடுங்கள். விலை ஏறினால் அது உபரி. ஏறாவிட்டாலும், ஒரு கலைஞன் ஒரு மாதமேனும் கவலையின்றித் தூரிகை பிடித்தான் என்ற லாபம் உங்களுடையது, தேசத்தினுடையதும் ஆகும்.