ஒரு மேசை, ஒரு சாக்கெட்

வரவேற்பறையின் மூலையில் ஒரு மேசை; அதன்மேல் கணினி, திரை, மோடம், அச்சுப்பொறி, கைப்பேசி சார்ஜர். சுவரிலோ ஒரே ஒரு சாக்கெட். வீடு கட்டிய நாளில் இத்தனை கருவிகள் வந்து சேரும் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ‘இவை அனைத்தையும் இந்த ஒன்று தாங்குமா?’ என்ற ஐயம் நியாயமானதே.

கணக்கிட்டுப் பார்ப்போம். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. பெருக்கினால் 1,380 வாட். அன்றாட அலுவலுக்கான மேசைக் கணினி, திரை, மோடம் மூன்றும் சேர்ந்தாலும் பொதுவாக 300 வாட்டைத் தாண்டுவதில்லை. ஆகவே அஞ்சவேண்டியது கணினியை அன்று. அதனருகே துணைக்கு வருபவற்றை. லேசர் அச்சுப்பொறி சூடேறும் சில நொடிகளில் பல நூறு வாட்டை இழுக்கும். தேநீருக்கான மின்கெட்டில் 1,500 வாட். தில்லிக் குளிரில் காலடியில் வைக்கும் ரூம் ஹீட்டர் 2,000 வாட். அதன் தடித்த பிளக் சிறிய சாக்கெட்டில் நுழையாது. நாமோ கடையில் கன்வெர்ஷன் பிளக் வாங்கி நுழைத்துவிடுகிறோம். நுழைய மறுத்ததே எச்சரிக்கை என்பதை மறந்துவிடுகிறோம்.

‘எம்.சி.பி. இருக்கிறதே’ எனலாம். அது சுவருக்குள் ஓடும் கம்பியின் அளவுக்கேற்பப் பொருத்தப்படுவது. 16 ஆம்பியர் எம்.சி.பி., 10 ஆம்பியர் ஓடும்போது விழாது. 6 ஆம்பியருக்கான மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியோ அதற்குள் சூடேறத் தொடங்கிவிடும். ஆதலால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தடித்த மூன்று கம்பி கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். அதில் இன்னொன்றைக் கோத்தல் ஆகாது. கம்பியைச் சுருட்டியோ கம்பளத்துக்கு அடியிலோ வைப்பதும் ஆகாது. ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கலாம், உடனே அணைத்துவிடுங்கள்.

யு.பி.எஸ். வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட ‘600 வி.ஏ.’ என்பதை 600 வாட் எனக் கொள்ளலாகாது. பெரும்பாலும் அது 360 வாட் அளவே. கணினி, திரை, மோடம் ஆகியவற்றை மட்டும் அதில் இணைப்போம்; லேசர் அச்சுப்பொறி நேரே சுவரோடு இருக்கட்டும். மின்தடையின்போது கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில், தொடங்கிய பணப் பரிமாற்றத்தை அமைதியாக முடிக்கலாம். யு.பி.எஸ். இல்லாமல் பாதியில் நின்றுவிட்டதா? மீண்டும் அனுப்புமுன் கணக்கின் இருப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பல வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கிறது, அதன் பின்னே எர்த் கம்பியே இல்லை. கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது விரலில் மெல்லச் சுரீரென்றால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.